நீ குடித்திருக்கவில்லை

அண்ணா,

இன்று காலை புதுச்சத்திரம் தாண்டியதும் அந்த வாசனை பஸ்ஸுக்குள் வந்துவிட்டது. காய்ந்த உளுந்துச் செடியின் வாசனை. பாதி ரோட்டை மறைத்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போகப் போக நெற்று வெடித்து உளுந்து பிரிந்துவிடும். அடிப்பதற்குத் தனியாக ஆள் வேண்டாம். ஓரத்தில் ஒரு பெண் துடைப்பத்தோடு நின்று, எங்கள் பஸ் செடியின் மேல் ஏறிப் போவதைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த அப்பா கை நீட்டி ஜன்னல் கண்ணாடியைச் சாத்தினார். நான் திறந்தேன். அவர் மறுபடி சாத்தவில்லை.

போன வருடம் இதே பருவத்தில், இதே செடியில் வழுக்கித்தான் நீ விழுந்தாய். உனக்கு எழுத வேண்டும் என்று பல முறை உட்கார்ந்திருக்கிறேன். அழுகை வந்தால் எழுதிவிடலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. பேனா தாளைக் கிழித்தது. இன்றும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் இன்று எழுதிவிடுவேன்.

முதலில் உன் மேல் இருக்கிற கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் ஏன் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வந்தாய்? "கல்யாணத்துக்குப் போறப்ப தலை கலைஞ்சிடும்" என்று நீ சொல்லியிருப்பாய். ஊரில் உள்ள பிள்ளைகளையெல்லாம் உட்காரவைத்து, உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று பேசுகிறவனுக்குத் தலை கலைவது ஒரு காரணமா?

இனி மற்றவர்கள்.

நீ பாலிடெக்னிக் போன காலத்தில் குடிக்க ஆரம்பித்தாய். பிறகு மாத்திரை. அந்த வருடங்களைப் பற்றி நம் முதுநகர் வீட்டில் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதிலிருந்து நன்றாக நினைவிருப்பது என் அகராதி. கட்டுரைப் போட்டியில் பரிசாக வாங்கியது. அதைக்கூட நீ எடுத்துக்கொண்டு போய்ப் பழைய புத்தகக் கடையில் போட்டுவிட்டாய். போதை மீட்பு மையத்தில் இருந்து திரும்பி வந்த பிறகு அதைத் தேடி அலைந்தாய். கிடைக்கவில்லை. வேறொரு பிரதி வாங்கி வந்தாய். முதல் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவருடைய பெயர் இருந்தது. "இவரும் யாராவது தூக்கிட்டுப் போயி வித்ததால இழந்தவரா இருப்பாரு, பாவம்" என்றாய். அப்போதுதான் நீ திரும்பி வந்துவிட்டாய் என்று நம்பினேன். உன்னைப் பற்றி நீயே கேலி செய்ய உன்னால் முடிந்தது.

செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே நீ அந்தப் பயிற்சியில் சேர்ந்தாய். போதையில் இருந்து மீள நினைக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் கூட நிற்கிற வேலை. டாக்டர் இல்லை, டாக்டரிடம் போகிற அன்று பக்கத்தில் வருகிறவன். திரும்பி வந்த பிறகு நாட்களை எப்படிக் கடத்துவது என்று சேர்ந்து யோசிக்கிறவன். அதற்குத் தமிழில் ஒழுங்கான பெயர் கிடைக்கவில்லை, "கோச்" என்றே சொன்னாய். சித்தப்பா விடுவாரா?

"கோச்சா? எஸ் ஃபைவா, எஸ் சிக்ஸாடா? நம்ம ஜங்ஷன்ல நிக்குமா?"

"அன்ரிசர்வ்டு சித்தப்பா. யாரு வேணா ஏறிக்கலாம்."

சித்தப்பாவே சிரித்துவிட்டார்.

வகுப்பெல்லாம் போனில் நடந்தது. வகுப்பில் கற்றதை யாரிடமாவது செய்து பழக வேண்டும். உனக்குக் கிடைத்த ஆள் நான். ஒரு நாள் குடிக்கிற பையனாக வருவேன், மறுநாள் அவனுடைய அப்பாவாக வந்து மேஜையைக் குத்துவேன். நீ கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அறிவுரை சொல்லவே கூடாது. அதுதான் உன்னால் முடியாதது. இரண்டு நிமிடம் தாங்காது, "நீ என்னா பண்ணணும்னா..." என்று ஆரம்பித்துவிடுவாய். அதற்காகவே ஒரு எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் என் கையில் கொடுத்தாய். "நான் அட்வைஸ் பண்ண ஆரம்பிச்சா தட்டு." முதல் வாரம் முழுக்க வீட்டில் கோயில் மணி மாதிரி கேட்டது. எதிர்வீட்டு அக்கா, "உங்க வூட்ல தினம் பூசையா?" என்று கேட்டார்கள்.

ஒரு நாள் நான் அம்மா வேடம் போட்டேன். "ஏன்டா என் வயித்துல வந்து பொறந்த?" என்று சினிமாவில் வருகிற மாதிரி மூக்கைச் சிந்தினேன். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாய். அடுப்படியில் இருந்து நம் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, என் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

"அம்மா அப்டியெல்லாம் பேசமாட்டா. நான் சொல்றேன் கேளு. நீ வராத அன்னிக்கெல்லாம் எந்த ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலும் எம்புள்ளதான்னு நெனப்பேன். கொஞ்ச நாள் போயி, அதுல இருக்கறது நீயாவே இருந்துட்டா நல்லாருக்கும், எல்லாரும் தூங்கலாம்னு நெனச்சேன். பெத்தவ நெனைக்கிற நெனப்பாடா அது? அத நெனைக்க வெச்ச இல்ல நீ?"

நான் ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நீ மன்னிப்புக் கேட்பாய், சமாதானம் சொல்வாய் என்று நினைத்தேன். அம்மா முகத்தைப் பார்த்தபடியே இருந்தாய். கடைசியில் "இன்னும் இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டாய். இருந்தது. அம்மா வெகுநேரம் பேசினார்கள். அன்று அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனது. சாப்பிடும்போது யாரும் அதைக் குறை சொல்லவில்லை.

பிறகு ஒரு முறை உன்னிடம் கேட்டேன்: வருகிற குடும்பத்துக்காரர்கள் எல்லாரும் திட்டிக்கொண்டே வருகிறார்களே, உனக்குக் கஷ்டமாக இல்லையா?

"கோவமா இருக்கறவங்கன்னா இன்னும் வுட்டுட்டுப் போகலன்னு அர்த்தம் பாப்பா. அமைதியா வர்றவங்களப் பாத்தாத்தான் எனக்கு பயம்."

சிதம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் குடும்பங்களை உட்காரவைத்தாய். பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு வைப்பது என் வேலை. அந்த அறையில் யார் என்ன பேசினார்கள் என்று பெயர் சொல்லி நான் வெளியே சொல்லக் கூடாது, இங்கும் சொல்லமாட்டேன்.

அந்தக் கல்யாண நாளைச் சொல்கிறேன். இதை நான் சொல்லாமல் இருந்தால் வேறு யாரோ வேறு மாதிரி சொல்கிறார்கள்.

ஸ்ரீமுஷ்ணத்தில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். நாங்கள் முதல் நாளே போய்விட்டோம். சிதம்பரத்தில் ஒரு பையனைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுக் காலையில் வருகிறேன் என்றாய். தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தாய். சட்டையில் மண், முழங்கையில் சிராய்ப்பு.

"ஏன்டா இப்டி வர?" என்றார்கள் அம்மா.

"உளுந்துல வழுக்கி வுழுந்துட்டேன். பயப்படாத, உளுந்துக்குத்தான் அடி ஜாஸ்தி."

சிரித்தாய். சிரித்துக்கொண்டே காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்ததை நான் கவனித்தேன்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு வேன் நின்றிருந்தது. மாமா பையன்கள் காலையிலேயே அதற்குள் ஆரம்பித்திருந்தார்கள். உன்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்தார்கள். "மச்சான், ஒரே ரவுண்டு. கோச்சுக்கு ஒரு நாள் லீவு கெடையாதா?" நீ பெரிய கும்பிடு ஒன்று போட்டுவிட்டு வந்துவிட்டாய். நான் மாடி ஜன்னலில் இருந்து பார்த்தேன். நீ கும்பிட்டதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நீ அந்த வேன் பக்கத்தில் இருந்து நடந்து வந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். சாம்பார் ஊற்ற வந்தவரிடம் ஏதோ சொன்னாய். அது வார்த்தையாகவே இல்லை. எழுந்து கை கழுவும் இடம்வரை தள்ளாடிப் போய் வாந்தியெடுத்தாய்.

"ஆரம்பிச்சிட்டான்யா. வேன்கிட்டேந்து வரும்போதே நெனச்சேன்" என்றார் பெரியப்பா.

அப்பாவின் முகத்தை நான் மறக்கமாட்டேன். அதில் பயம் இருந்தது. ஆனால் அது உனக்காக வந்த பயம் இல்லை. "சம்பந்தி வூட்டுக்காரங்க பாக்கறதுக்குள்ள உள்ள கொண்டு போங்க" என்றார். பாத்திரங்கள் அடுக்கியிருந்த அறையில், ஜமக்காளத்தின் மேல் உன்னைக் கிடத்தினார்கள். யாரோ எலுமிச்சம்பழத்தை உன் தலையில் தேய்த்தார்கள். பெரியப்பா, "மோர குடு, எறங்கிடும்" என்றார். குடித்தவனுக்குச் செய்கிற வைத்தியம் நம் சொந்தக்காரர்களுக்கு மனப்பாடம். மோர் உன் வாயில் போகாமல் காதில் வழிந்தது.

நான் குனிந்து உன் வாயை மோந்து பார்த்தேன். குடித்துவிட்டு வந்த உன்னை எனக்குத் தெரியும். அந்த வாசனையில்தான் நான் வளர்ந்தேன். அன்று அது இல்லை.

"அப்பா, வாசனையே இல்லப்பா. தலைல வீங்கியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"பொம்பளப்புள்ள இதயெல்லாம் மோந்து பாப்பியா? போயி தாம்பூலப் பை குடு."

"அவன் குடிக்கலப்பா!"

"சத்தம் போடாத!"

அம்மா என் தோளைப் பிடித்து வெளியே கொண்டு வந்தார்கள். அப்பா கதவைச் சாத்தி, வெளியில் தாழ்ப்பாள் போட்டார்.

வாசலில் நின்று தாம்பூலப் பை கொடுத்தேன். வாங்கியவர்களிடமெல்லாம் சொன்னேன்: எங்கள் அண்ணாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். எல்லாரும் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒரு அத்தை, "தூங்கி எழுந்தா தெளிஞ்சிடுவான்டி, கவலப்படாத" என்றார்கள். வழக்கமாக எல்லா வீட்டிலும் அப்படித்தானே தெளிகிறார்கள்.

சம்பந்தி வீட்டு வண்டி கிளம்பிய பிறகுதான் கதவு திறந்தது. நீ பெரிதாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய். "பாரு, கொறட்ட வுட்டு தூங்கறான்" என்றார் பெரியப்பா. அது குறட்டை இல்லை. பிறகு பள்ளி நூலகத்தில் தேடிப் படித்தேன். தலைக்குள் ரத்தம் கசிகிறவர்கள் கொஞ்ச நேரம் நன்றாகப் பேசுவார்கள், சிரிப்பார்கள், அப்புறம் நாக்குக் குழறும், வாந்தி வரும், தூக்கம் வரும். வெளியில் இருந்து பார்த்தால் போதை மாதிரிதான் இருக்கும். ஆனால் காதுக்குப் பின்னால் வீக்கம் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க யாரும் படித்திருக்க வேண்டியதில்லை.

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவிடம் தெளிவாகச் சொன்னார். "இவரு குடிக்கல. தலைல அடிபட்டு ரத்தம் கட்டியிருக்கு. காலையிலயே ஏங்க கொண்டாரல?" அப்பா அதைக் கேட்டார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். விடிவதற்குள் நீ போய்விட்டாய்.

வீட்டுக்கு வந்தவர்களிடம் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "குடிச்சிட்டு வண்டி ஓட்டிட்டான்." அவ்வளவுதான். எல்லாரும் தலையாட்டினார்கள். "கோச்சுன்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சான், கடைசில அதுலயே போயிட்டான்." உன்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, உன் காதில் விழுகிற தூரத்தில் சொன்னார்கள். நான் எழுந்து பொய் என்று கத்தினேன். புள்ளைக்கு அதிர்ச்சி என்று தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தார்கள்.

அந்தப் பொய் ஏன் அப்பாவுக்குத் தேவைப்பட்டது என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின. நீ குடித்திருந்தால் உன் சாவுக்கு நீயே காரணம். நீ குடிக்காமல் இருந்திருந்தால், கதவைச் சாத்திய ஒருவர் இருக்கிறார். புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

பொய் சிதம்பரம் வரை போனது. உன் ஞாயிற்றுக்கிழமை அறைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். உன்னோடு பயிற்சி எடுத்த உன் நண்பர் காலி நாற்காலிகளோடு உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு நாள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம் ஒரு அம்மா நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். வியர்வையும் கோபமுமாக. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி இருக்காங்களா? அடுத்த வாரம் வரேன்னு சொல்லிட்டுப் போனவரு. போன் அடிச்சி அடிச்சி பாத்துட்டேன். அந்த செல்போன் கடையில கேட்டேன், வூட்ல போயி கேட்டுக்கங்கன்னு எடத்த மட்டும் சொல்லி அனுப்புனாங்க. நம்ப வெச்சிட்டு இப்டி வுட்டுட்டுப் போலாமாங்க?"

கல்யாண நாள் காலையில் நீ பார்க்கப் போன பையனின் அம்மா.

அப்பா சுவரைப் பார்த்தார். அந்த அம்மாவும் பார்த்தார்கள். மாலை போட்ட உன் படம். செருப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எப்டிங்க?"

"குடிச்சிட்டு வண்டி ஓட்டுனான். நீங்க வேற எடம் பாருங்கம்மா."

"ஐயோ, அப்டி சொல்லாதீங்க. குடிய நிறுத்தணும்னு எம்புள்ளைக்கு கோயில்ல கயிறு கட்டுனோம், கயித்த அவுத்த அன்னிக்கே போயி குடிச்சவன் அவன். உங்க புள்ள வந்து பேசுன நாள்லேந்து தொடல. அவரால முடிஞ்சிதுன்னா என்னாலயும் முடியும்மான்னு அதையே சொல்லிக்கிட்டு கெடக்கான். நான் போயி அவன்கிட்ட என்னான்னு சொல்வேன்?"

நான் அறைக்குள் இருந்து வந்தேன். "எங்க அண்ணா குடிக்கல."

"பாப்பா, உள்ள போ" என்றார் அப்பா.

"போவ மாட்டேன். டாக்டர் சொன்னாரு, நானும் கேட்டேன்ல?"

அந்த அம்மா என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு மெதுவாகச் சொன்னார்கள்: "எங்க வூட்லதான் இட்லி சாப்ட்டுட்டு கெளம்புனாரு. இன்னும் ரெண்டு வெக்கிறேன்னு சொன்னேன். தங்கச்சி பந்தியில எடம் புடிச்சி வெச்சிருக்கும், வேணாங்கன்னாரு."

நான் பிடித்துத்தான் வைத்திருந்தேன், அண்ணா.

அவர்கள் மகனுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார்கள். "நீயே சொல்லும்மா. நான் சொன்னா அவன் மனசுக்காக சொல்றேன்னு நெனப்பான்." ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னேன். உளுந்தில் விழுந்தது, தலையில் அடிபட்டது, போதை என்று நினைத்து அறையில் போட்டுத் தாழ்ப்பாள் போட்டது. பிறகு அந்தப் பையனின் குரல், என்னைவிடச் சில வயதுதான் மூத்திருக்கும், கேட்டது:

"யாரு தாப்பா போட்டது?"

என் வாயில் பதில் தயாராக இருந்தது. எத்தனை நாளாக அதை நான் சொல்லக் காத்திருந்தேன் தெரியுமா? ஆனால் கேள்வி கேட்டால் பதில் வரும்வரை இருக்க வேண்டும், பதில் யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்லும்வரை. நீ அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி நான் அப்பாவைப் பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். கால் செருப்பைத் தேடியது. செருப்பை மாட்டிவிட்டு, மறுபடி கழற்றினார்.

போனுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"நான்தாம்பா. அவனோட அப்பா. மானம் போயிடும்னு தாப்பா போட்டேன்." போன் பக்கம் இன்னும் குனிந்து, "எம்புள்ள குடிக்கல. நீ அத நம்பு" என்றார்.

அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தார்கள். அன்றுதான் முதல் முறையாக உன் படத்தின் முன்னால் சத்தம் போட்டு அழுதார்கள். நான் அழவில்லை. அப்பாவுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

உன் நண்பர் மறுபடி சாவி வாங்கிவிட்டார். நாற்காலி போடுவது இப்போதும் என் வேலை. பிளஸ் டூ முடித்து உளவியல் படித்து, நீ படித்ததையும் படிக்கப் போகிறேன். அதுவரை பேசுகிற தகுதி எனக்கு இல்லை, தெரியும். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பஸ் ஏறி வருகிறார். புதிதாக யாராவது வந்து, "இதயெல்லாம் சொல்லிக் குடுத்த பையனே குடிச்சி செத்துட்டானாமே" என்று கேட்டால், எழுந்து நின்று, கதவைச் சாத்தியது நான் என்று சொல்கிறார். ஒவ்வொரு முறையும் அவருக்குக் குரல் உடைகிறது. உடையட்டும்.

இன்று ஒருவர் மகனை அடித்துவிட்டு வந்திருந்தார். அப்பா அவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சார், நீங்க என்னா பண்ணணும்னா..." என்று ஆரம்பித்தார்.

உன் ஸ்பூன் எப்போதும் என் பையில்தான் இருக்கிறது. எடுத்து, தண்ணீர் பாட்டிலில் ஓங்கித் தட்டினேன். அறையே திரும்பிப் பார்த்தது. அப்பா வாயை மூடிக்கொண்டார். அந்த மனிதரைப் பார்த்தபடி காத்திருந்தார்.

அவரை நான் மன்னிக்கவில்லை, அண்ணா. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே பஸ்ஸில் போவேன். அவர் கண்ணாடியைச் சாத்தினால் திறப்பேன்.